மன்னாரில் கரையேறும் கேபிள் வன்னிக்கு என்ன தரும்?

2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் மின்வலையமைப்புகளை இணைக்க உடன்பட்டதிலிருந்து, இந்தியாவிலிருந்து வரும் கடலடிக் கேபிள் மன்னாரில் ஏறினால் வன்னிக்குக் கரண்ட் தாராளம் என்று பலர் எழுதுகிறார்கள். தானாக வராது.

பாக்கு நீரிணைக்கடியால் போகப்போவது நேரோட்டம் (DC), ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நீளமான கடலடிக் கேபிளில் ஆடலோட்டத்தை (AC), அதாவது வீட்டுக்கு வரும் திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை, விட்டால் கேபிளின் கொள்ளளவமே (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) மின்னோட்டத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். இரு நாட்டு மீடிறனையும் (ஆடலோட்டம் செக்கனுக்கு எத்தனை தரம் மாறுகிறது என்பது) ஒன்றாகப் பூட்டவும் வேண்டிவரும். அதனால் தெரிவு சரி. ஆனால் ஊருக்கேற்றபடி வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் ஆடலோட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். அதனால் நேரோட்ட லைனில் நினைத்த இடத்தில் கிளை எடுக்க ஏலாது. பழைய வரைவுகள் மதுரை–அநுராதபுரம் என்றுதான் பேசின. அப்படிப் போனால் மடுவுக்கும் செட்டிகுளத்துக்கும் கோபுரங்களும் வெட்டின காடும்தான் மிச்சம்.

நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் மாற்றி நிலையம் மன்னார்ப் பெருநிலத்திலேயே அமையவேண்டும். காற்றாலைக்காகப் போட்ட மன்னார்–வவுனியா 220 கிலோவோல்ற் லைன் இருக்கிறது. அது கேபிளால் வரும் மின்சாரத்தையும் தாங்குமா என்ற கணக்கு முதலில் வெளியே வரட்டும். நிலையத்தின் வகையும் முக்கியம். தைரிஸ்டர் வகைக்குப் பக்கத்தில் பலமான வலையமைப்பு வேண்டும். மன்னாரோ வலையமைப்பின் வால் நுனியில், பலம் குறைந்த இடத்தில், இருக்கிறது. வோல்டேஜ் சற்றுச் சரிந்தாலே அந்த வகை தடுமாறும். ட்ரான்சிஸ்டர் வகை தன் வோல்டேஜைத் தானே உண்டாக்கும், நாடு முழுதும் இருண்டாலும் வலையமைப்பைத் திரும்ப எழுப்பும். 2025 பெப்ரவரி 9 நாடே இருண்டபோது மணிக்கணக்கில் காத்திருந்ததை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். விலை கூட என்று சொல்லி இதை வெட்ட விடக்கூடாது.

எனக்குள்ள பெரிய பயம் அளவில்தான். பேசப்படுவது முதற்கட்டம் 500 மெகாவற். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் ஒரு இயந்திரம் 300. அது விழுந்தாலே மீடிறன் சரிந்து ஊர் ஊராகத் துண்டிக்கிறார்கள். மின்பாவனை குறைந்த நள்ளிரவில் 500 ஒரே அடியில் போனால்? இரண்டு தனிக் கேபிள்களாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது ஓடும்படி மின்னோட்டம் திரும்பிப்போகத் தனிக் கம்பியும் வைத்து, நேரத்துக்கு நேரம் இறக்குமதிக்கு உச்சவரம்பு எழுதவேண்டும்.

மன்னார்க் காற்றாலை மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கலாம் என்பவர்களுக்கு: மன்னாரில் தென்மேற்குக் காற்று அடிக்கும் மே–செப்டெம்பரில்தான் தமிழ்நாட்டுக் காற்றாலைகளும் சுழல்கின்றன. 2013 கடைசியில் தென்னிந்தியா ஏனைய இந்திய வலையமைப்போடு சேர்ந்துவிட்டதால் வாங்க ஆளுண்டு, ஆனால் அந்த மாதங்களில் நல்ல விலையை எதிர்பார்க்கவேண்டாம்.

கேபிளைக் கடலடியில் கிடத்திவிட்டும் போகக்கூடாது. இழுவைமடிப் பலகையும் (இழுவை வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பாரமான பலகை) நங்கூரமும் அதைக் கிழிக்கும். மண்ணுக்குள் புதைக்கவேண்டும், பாறையால் புதைக்க முடியாத இடத்தில் கல் போட்டு மூடவேண்டும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 – ஜூன் 14 காலத்தின் முற்பகுதி, தென்மேற்குக் காற்று பலக்கமுன், இதற்கு உகந்தது. எந்த வழியால் போகிறது, எங்கே வலை வீசக்கூடாது என்பதை பேசாலை, தலைமன்னார் மீனவர் சங்கங்களோடு இருந்து தீர்க்கவேண்டும், வரைபடம் அச்சாகமுன்.