அடி வாங்குவதற்கும் ஒத்திகை வேண்டும்

அகிம்சை என்றால் அடித்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று சொல்கிறவர்கள், 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்கள் செய்ததை விவரமாகப் படிக்க வேண்டும். அங்கே சும்மா இருப்பதற்கே மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது.

பிரச்சினை இதுதான். ஊர் நடுவிலுள்ள பெரிய கடைகளில் கறுப்பர்கள் என்ன பொருள் வேண்டுமானாலும் வாங்கலாம். அதே கடைக்குள் இருக்கும் லஞ்ச் கவுன்டரில் உட்கார்ந்து காப்பி கேட்டால் கிடையாது. கல்லாவுக்குத் தெரியாத நிறம் கவுன்டருக்கு மட்டும் தெரிந்தது.

பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர், பிறகு நம் நாக்பூரில் மெதடிஸ்ட் திருச்சபை ஊழியராக இருந்து காந்தியின் முறைகளைக் கற்றவர். தேவாலய அடித்தளத்தில் மாணவர்களைப் பிரித்து, பாதிப் பேரை வெள்ளையர் ரவுடிகளாக நடிக்கச் சொல்வார். அவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், முகத்தில் புகை விடுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். மற்றவர்கள் தலையைக் காத்துச் சுருண்டுகொள்ளப் பழக வேண்டும். ஒருவர் மட்டும் அடிபட்டால் இன்னொருவர் குறுக்கே தன் உடம்பை வைக்க வேண்டும். கோபம் தாங்காதவர் யார் என்பது கடைக்குள் போய்த் தெரிவதைவிட அடித்தளத்திலேயே தெரிவது நல்லது.

1959 நவம்பர், டிசம்பரில் இரண்டு கடைகளில் சோதனை பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள், பரிமாற மறுத்ததும் மேலாளரிடம் காரணம் கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டார்கள். 1960 பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று கடைகளில் அமர்ந்தார்கள். முதலில் சிறு பொருள் ஏதாவது வாங்கினார்கள். அப்போதுதான் அவர்கள் வாடிக்கையாளர்கள்.

மாணவர்களான ஜான் லூயிஸும் பெர்னார்ட் லஃபாயெட்டும் எழுதிக்கொடுத்த விதிகளில் எனக்குப் பிடித்தவை சாதாரணமாகத் தெரிபவைதான்: சத்தமாகச் சிரிக்காதே, நேராக உட்கார், கவுன்டரைப் பார்த்தே இரு, வாசலையும் நடைவழியையும் மறிக்காதே. வழியை மறித்தால் வழக்குப் போட அதுவே ஒரு சாக்காகிவிடும். கறுப்பர் உட்கார்ந்தார் என்பதைத் தவிர வேறு எந்தப் புகாருக்கும் இடம் தரக் கூடாது.

பிப்ரவரி 27 அன்று வெள்ளையர் கும்பல் அடித்தது. போலீஸ் கைது செய்ததோ அடிபட்டவர்களை, சுமார் எண்பது பேரை. காலியான நாற்காலிகளில் அடுத்த அணி வந்து உட்கார்ந்தது. நீதிமன்றம் ஆளுக்கு 50 டாலர் அபராதம் போட்டது. மாணவி டயான் நாஷ் உள்ளிட்ட பலர் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். கட்டினால் அந்தக் கைதிலும் தீர்ப்பிலும் உள்ள அநியாயத்துக்குத் துணைபோனதாகிவிடும் என்பது நாஷின் வாதம். போராட்ட நிதியும் மிச்சம் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதோடு ஈஸ்டர் வியாபாரத்தில் கை வைத்தார்கள். கறுப்பர்கள் அந்தக் கடைகளைப் புறக்கணித்தார்கள். கலவரத்துக்குப் பயந்து வெள்ளையர்கள் பலரும் வரவில்லை. அறத்தைப் பேசினால் மட்டும் எதிராளி மனம் மாறிவிடுவான் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் வியாபாரத்தை நெருக்குவது மட்டுமே மாணவர்களின் குறியாக இருந்திருந்தால், மேயரின் குழு நீட்டிய சமரசத்தை ஏற்றிருப்பார்கள்: கவுன்டரில் ஒரு பகுதி வெள்ளையருக்கு, இன்னொரு பகுதி எல்லாருக்கும். மாணவர்கள் மறுத்தார்கள். பிரிவினையே தவறு என்றபின் பாதிப் பிரிவினையை எப்படி ஏற்பது?

ஏப்ரல் 19 விடிகாலை அவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்துக்கு அமைதியாக நடந்தார்கள். படியில் நின்ற மேயர் பென் வெஸ்ட், பாகுபாடு கூடாது என்று பொதுவாகச் சொன்னார். நாஷ் அதோடு விடவில்லை. அப்படியானால் லஞ்ச் கவுன்டர்களில் பிரிவினை ஒழிய வேண்டும் என்கிறீர்களா என்று கேட்டார். ஆம் என்றார் மேயர். முடிவு கடைக்காரர்கள் கையில் என்று பிறகு இழுத்தார்.

மே 10 அன்று ஆறு கடைகளின் கவுன்டர்கள் கறுப்பர்களுக்குத் திறந்தன. அதிலும் திட்டம் இருந்தது. எந்த நாளில் வருவோம் என்பதைக் கடைக்காரர்களுக்கு முன்பே சொன்னார்கள், கடைக்காரர்கள் தங்கள் ஊழியர்களைத் தயார்ப்படுத்தினார்கள், மாணவர்கள் தரப்பில் முதல் சில வாரங்கள் சிறு சிறு குழுக்களாகவே சாப்பிடப் போனார்கள். பரபரப்பாக்க வேண்டாம் என்று பத்திரிகைகளையும் கேட்டுக்கொண்டார்கள். சினிமாக் கொட்டகைகளில் பிரிவினை அப்போதும் தொடர்ந்தது. அதற்கு எதிரான போராட்டம் 1961இல் தொடங்கியது.