கீரையை விட்டு, பூண்டுத் தண்ணீர் குடித்தால் வார்ஃபரின் வேண்டாமா?

வார்ஃபரின் என்பது இரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் மாத்திரை. அதைப் பற்றிப் பினாங்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையைத் தொடக்கூடாது, தினமும் பூண்டுத் தண்ணீர் குடித்தால் மாத்திரையையே நிறுத்தலாம்." இரண்டும் தவறு.

இரத்தம் உறைவதற்கான சில புரதங்களைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அதைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கீரையோடு சேர்ந்தே உங்கள் மாத்திரை அளவு அமைகிறது. வாரம் இருமுறை கங்குங் கீரைப் பிரட்டல் என்றால் அப்படியே தொடருங்கள். திடீரென நிறுத்தினால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) ஏறி இரத்தம் கசியலாம். திடீரெனக் குவித்தால் அது இறங்கி இரத்தக்கட்டி உருவாகலாம். பெரும்பாலோருக்கு ஐ.என்.ஆர். இலக்கு 2 முதல் 3. செயற்கை இதய வால்வு உள்ள சிலருக்குக் கூடுதல்.

ரசத்தில் நசுக்கிப் போடும் நாலு பல் பூண்டால் பிரச்சினையில்லை. பூண்டு மாத்திரை, ஜிங்கோ, சீன மருந்துக்கடை டாங் குவாய் போன்ற மூலிகைகள் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டலாம், ஆனால் வார்ஃபரினின் வேலையைச் செய்யாது. மூட்டுவலிக்கு டைக்லோஃபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுவது இவற்றைவிட மோசம்.

இரவு மாத்திரையை மறந்தீர்களா? அன்றே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள்தான் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போடாதீர்கள், வார்ஃபரின் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மலம் தார்போல் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ, கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.