புதுச்சேரி நம்பர் போட்டால் வரி மிச்சம் என்பது பாதி உண்மை

தம்பி, ‘ராயபுரத்தில் இருந்தாலும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுச்சேரி நம்பர் போட்டால் போதும், தமிழ்நாட்டுக்கு ரோடு டாக்ஸ் கட்டவே வேண்டாம்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது இறங்கினால் மாட்டிக்கொள்வார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 47-வது பிரிவைப் பாருங்கள். வேறு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள நம்பருக்கு மாற்றியே ஆக வேண்டும். தண்டையார்பேட்டை ஆர்டிஓ எல்லைக்குள் வீடு என்றால் டிஎன் 03. மாற்றும்போது இங்கே வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்ப அது குறையும், அவ்வளவுதான். புதுச்சேரியில் பதியவும் அங்கே முகவரி வேண்டும். பொய் முகவரி கொடுத்தால் அது தனிக் குற்றம். 2017-ல் கேரளத்தில் சினிமா நட்சத்திரங்கள் மீதே இதற்காக வழக்குப் பாய்ந்தது.

அப்புறம், தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் வண்டி விலையில் ‘15 சதவீதம்தானே’ என்றீர்கள். அது பழைய கணக்கு. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு 20 சதவீதம். 2 கோடி ரூபாய் வண்டிக்கு 40 லட்சம். பழைய விகிதத்தில் 30 லட்சம். பத்து லட்சம் வித்தியாசத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஷோரூமில் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ்ஸையும் (விற்கும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) செலவில் சேர்த்திருக்கிறீர்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது உண்டு, சரி. ஆனால் வருமான வரிக் கணக்கில் காட்டினால், கட்ட வேண்டிய வரியில் அது கழிந்துவிடும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.