மேடும் பள்ளமும்: ஒரு கருத்து

மெக்சிகோவின் சியாபாஸ் மலைப்பகுதியில், தெனெஹாபாவில் பேசப்படும் செல்தால் என்னும் மாயன் மொழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் பெனிலோப் பிரவுன் குறித்து நான் படித்த கட்டுரை, அம்மக்கள் இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லாமல் மேடு, பள்ளம் என்றே பொருள்களின் இருப்பைக் குறிப்பதை நன்கு விளக்குகிறது. அங்கு நிலம் பொதுவாகத் தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்வதால், சமமான மேசைமீது தெற்கே இருக்கும் பொருளும் அவர்களுக்கு மேட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால், மொழியே சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று கட்டுரையாளர் முடிப்பதை ஏற்கத் தயக்கமாக உள்ளது. வரிசையாக வைத்த பொம்மைகளைக் காட்டி, ஆளை எதிர்ப்புறம் திருப்பி நிறுத்தி, அதே வரிசையை மீண்டும் அடுக்கச் சொன்ன சோதனையில், செல்தால் பேசுவோர் பெரும்பாலும் நிலத்தின் திசையையும், டச்சு பேசுவோர் தம் இடவலத்தையும் பின்பற்றினர் என்பது உண்மையே. ஆயினும், உளவியல் ஆய்வாளர்கள் பெக்கி லீ, லைலா கிளைட்மன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முன்னையது போல் இரு விடைக்கும் இடந்தராமல், ஒரே விடை மட்டும் சரியாகும்படி சோதனையை அமைத்தபோது, செல்தால் பேசுவோர் தம் உடலை மையமாகக் கொண்டும் தடையின்றி விடையளித்தனர். மேலும், பிரவுனும் மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்ட, பேச்சில் பணிவு காட்டும் வழக்குகள் பற்றிய ஆய்வில், செல்தால், ஆங்கிலம் ஆகியவற்றோடு, லெவின்சன் கோவை வட்டாரக் கிராமமொன்றில் திரட்டிய தமிழும் முதன்மைச் சான்றாக இடம்பெற்றதைக் கட்டுரை ஏனோ விட்டுவிட்டது.