"கண்ணாடியை எடுத்துடு பாப்பா, பிளாஷ் திருப்பி அடிக்குது"

நாலு மணி நேரம் கால்கடுக்க நின்ற என் மகளிடம் விழாக்குழுக்காரர் ஒருவர் சொன்ன வார்த்தை இது. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். சர் சி.வி.ராமன் பிறந்த திருச்சியிலேயே விழா. பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் பார்வையிடுவார் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். எட்டாவது படிக்கிறவள் ஒன்பதுக்கே போய் மேசை போட்டுவிட்டாள். தொட்டி நிறையத் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால், வெயிலை உள்ளே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசாக நீலம் காட்டும். எதிர்ப்பக்கம் வெளியேறும் ஒளி சிவந்து வரும். ஒளிச்சிதறல். எத்தனை சொட்டு விடணும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் மொட்டை மாடியில் கிடந்தாள்.

ஒன்பதரைக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. பத்து மணி: "கிளம்பிட்டார்." பத்தரை: "பக்கத்துல வந்துட்டார்." பதினொன்றுக்கு வெயில் பந்தலுக்கு மேலே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள், மேசையை ஒரு முழம் வெளியே இழுத்தாள். "வரிசை கலையுது, உள்ள தள்ளு!" என்று அதட்டல். பதினொன்றே முக்காலுக்குச் செருப்பு அகல வெயில்தான் மேசைக்காலடியில் மிச்சம். அதையும் விடாமல் கண்ணாடியைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தாள் பிள்ளை. பன்னிரண்டுக்கு அதுவும் போச்சு. ராமன் ஒளிச்சிதறல் ஆய்வை ஆரம்பித்ததே சூரிய ஒளியை வைத்துத்தானே! வெயில் நகரும் என்பதுகூடவா அறிவியல் விழா நடத்துகிறவர்களுக்குத் தெரியாது?

பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. மேடையில் பாட்டில் பாட்டிலாக இருந்தது.

ஒன்று பத்துக்கு வந்தார் விருந்தினர். சால்வை, மாலை, மறுபடியும் சால்வை. மைக்கைப் பிடித்ததும் "இன்று பிறந்தநாள் காணும் ராமன்" என்றார். ஐயா, அவர் பிறந்தது 1888 நவம்பர் 7! பிப்ரவரி 28 என்பது 1928இல் கல்கத்தாவில் அவர் ராமன் விளைவைக் கண்டறிந்த நாள். சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு அலைநீளம் மாறி வருகிறது என்று காட்டினார். 1930இல் நோபல் பரிசு. அதில் கூடவே உழைத்த கே.எஸ்.கிருஷ்ணன் நம்ம வத்திராயிருப்புக்காரர். அவர் பெயர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, ஆபீஸுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிப்போய் ஆய்வு செய்த மனிதர் ராமன். அவருக்கு எடுக்கிற விழாவில் மூன்று மணி நேரத்தை இப்படி மண்ணாக்கலாமா?

கடைசியில் மேசைகள் பக்கம் வந்தார்கள். மகள் வாயைத் திறந்தாள்: "சார், வெயில் இருந்தா..." அப்போதுதான் அந்தக் கண்ணாடி உத்தரவு. எடுத்தாள். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள். தொட்டிக்குள் ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சான்றிதழைப் பிரித்தேன். விருந்தினர் பெயர் தங்க எழுத்தில். பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. போன் போட்டுக் கேட்டால், "பேரை நீங்களே எழுதிக்குங்க மேடம்."