பனியில் மாட்டியவரைத் திட்டாதீர்கள், முதலில் வண்டியை எடுப்போம்

"ஓட்டத் தெரியாதவன் எதுக்கு மலைப்பாதைக்குப் போறான்? மாட்டினா அவனே காசு கொடுத்து எடுத்துக்கட்டும்."

அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைகளில் பனி உருகத் தொடங்கும் மே மாதம் வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடுகிறது. டென்வர் பக்கம் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களிலும் பார்க்கிறேன். பனியில் புதைந்த வண்டிகளைக் காசு வாங்காமல் இழுத்துக் கொடுக்கும் தன்னார்வலர்களோடு மண்வாரி தூக்கிக்கொண்டு போகிறவன் நான். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த உதவி இலவசமாகத்தான் இருக்க வேண்டும். வசவு இல்லாமல்தான் கிடைக்க வேண்டும்.

எப்படி மாட்டுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். டென்வரில் அரைக்கைச் சட்டை போதும் என்கிற வெயில். ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் 11,000 அடி. தெற்குப் பார்த்த சரிவில் பாதை காய்ந்து புழுதி பறக்கும். ஒரு வளைவு திரும்பினால் வடக்குச் சரிவு, மரநிழல், பாதையை அடைத்துக்கொண்டு முப்பது அடி நீளத்துக்குப் பனி. அதற்கு அப்பால் மறுபடி காய்ந்த மண் தெரிகிறது. இந்த ஒரு துண்டைத் தாண்டிவிட்டால் போதும் என்று யாருக்குமே தோன்றும். காலையில் இறுகிக் கிடந்த அதே பனி, மத்தியான வெயிலில் உள்ளுக்குள் பொதபொதத்துப் போயிருக்கும். முன்சக்கரம் ஏறும், பின்சக்கரம் ஏறும், நடுவில் போனதும் நாலும் ஒருசேர இறங்கும். வண்டியின் வயிறு பனிமேல் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சுற்றுகிற டயரின் சூட்டில் அடியிலிருக்கும் பனி உருகி வழவழப்பான ஐஸாகிவிடும். ஆல் வீல் டிரைவ் இருந்தாலும் அந்த இடத்தில் நாலு சக்கரமும் வெறுமனே சுற்றும், அவ்வளவுதான்.

சாலையோர உதவித் திட்டங்கள் பெரும்பாலும் பராமரிக்கப்படும் சாலையோடு நின்றுவிடும். காட்டுப் பாதைக்கு வரச் சம்மதிக்கும் டோ டிரக்காரர்கள், அதாவது மாட்டிய வண்டியை இழுத்துக் கொடுக்கும் தொழில்காரர்கள், குறைவு. வந்தால் தொகை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், லட்சக்கணக்கான டாலர் வண்டியை அந்தப் பாதையில் பணயம் வைக்கிறார்கள். என் கவலை, அந்தத் தொகைக்குப் பயந்து மாட்டியவர்கள் செய்கிற காரியங்களைப் பற்றியது. யாரையும் கூப்பிடாமல் இருட்டும்வரை கையால் தோண்டுவார்கள். பிறகு வண்டியை விட்டுவிட்டு நனைந்த கேன்வாஸ் ஷூவோடு இறங்கி நடப்பார்கள். மறுநாள் எங்கோ ஒரு மண்வாரியை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பி மேலே போவார்கள். "வண்டிதானே, உயிரா போச்சு?" என்று கேட்பது சுலபம். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேறு வண்டி இல்லாதவருக்கு அது வெறும் வண்டி இல்லை. அவர் திரும்பிப் போகத்தான் செய்வார்.

கொலராடோவில் மலையில் ஆட்களைத் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்தக் கவுன்ட்டி ஷெரீஃபுடையது, அதாவது மாவட்டக் காவல் தலைவருடையது. களத்தில் இறங்குகிற தேடுதல் மீட்புக் குழுவினர் பெரும்பாலும் தன்னார்வலர்கள், அவர்களும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் வேலை ஆளைக் காப்பாற்றுவதோடு முடிகிறது. வண்டி அங்கேயே நிற்கும். அந்த இடைவெளியில்தான் கொலராடோ 4x4 ரெஸ்க்யூ அண்ட் ரெகவரி போன்ற குழுக்கள் வந்து நிற்கின்றன. வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் மறுபடி தனியாக மலையேற வேண்டியதில்லை. வண்டி மீட்பையும் உயிர்காக்கும் வேலையாகவே நான் எண்ணுவது இதனால்தான்.

"இலவசம் என்றால் அலட்சியம் அதிகமாகிவிடாதா?" நியாயமான கேள்வி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அலட்சியமாகப் போய் மாட்டியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டமே இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மவுண்டன் ரெஸ்க்யூ அசோசியேஷன், அதாவது இந்த வேலையையே செய்கிறவர்களின் அமைப்பு, கட்டணம் கூடாது என்கிறது. பில் வரும் என்ற பயத்தில் ஆட்கள் தாமதமாகக் கூப்பிடுவார்கள், மத்தியானம் சுலபமாக முடிந்திருக்கும் வேலை நடுராத்திரி ஆபத்தாகிவிடும் என்பது அவர்கள் வாதம். பூட்டிய கேட்டைச் சுற்றிக்கொண்டு போனவருக்கு வனத்துறை அபராதம் போடட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தத் தண்டனையைக் கயிறு கொண்டுவருகிறவர் கையில் கொடுக்காதீர்கள்.

2006 நவம்பர் 25 இரவு, ஒரிகான் மலையில் ஜேம்ஸ் கிம் குடும்பம் பாதை மாறிப் பனியில் மாட்டியது. மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓட்டிக் குளிர் காய்ந்தார்கள், பிறகு டயர்களைக் கொளுத்தினார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி உதவி தேடி ஜேம்ஸ் நடந்து போனார். டிசம்பர் 4-ஆம் தேதி, அதிகாரபூர்வத் தேடுதலில் இல்லாத ஜான் ராக்கர் என்ற உள்ளூர்க்காரர் தன் சொந்த ஹெலிகாப்டரில் தேடிப்போய், தாயையும் குழந்தைகளையும் கண்டுபிடித்தார். ஜேம்ஸின் உடல் 6-ஆம் தேதி கிடைத்தது. அந்த உள்ளூர்க்காரர் "இவர்கள் ஏன் இந்த ரோட்டுக்கு வந்தார்கள்?" என்று கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். வழி தெரியாதவர் எந்த இடத்தில் தப்பாகத் திரும்புவார் என்பது அந்த மண்ணில் புழங்கியவருக்குத்தான் தெரியும்.

இழுக்கிற வேலையில் வசவு எவ்வளவு கெடுதல் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டு நிற்கிறவர் உண்மையை மறைப்பார். ஏற்கெனவே வேறு யாராவது கட்டி இழுத்தார்களா, எதில் மாட்டினார்கள், பிரேக் வேலை செய்கிறதா, கியர் விழுகிறதா, இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இதற்கு ஒரு உதாரணம், டிரெய்லர் மாட்டும் குண்டு, டோ பால் என்பார்களே, அது. பார்க்க உறுதியாக இருக்கும், கயிறு போட வாகாகவும் இருக்கும். ஆனால் அது உதறி இழுக்கும் வேகத்தைத் தாங்கச் செய்யப்பட்டது அல்ல. வண்டியை உதறி இழுக்க நாங்கள் போடும் கைனெடிக் கயிறு இழுபடும்போது சுமார் 30 விழுக்காடு வரை நீண்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் குண்டு முறிந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஒரு தடவை நாங்கள் போனபோது, ஒருவர் இறங்கி வந்ததும் கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். எங்கள் குழுவில் மூத்தவர் பதில் சொல்லவில்லை. நேரே வண்டியின் பின்பக்கம் போய், புகைபோக்கியைச் சுற்றியிருந்த பனியைக் கையால் வழித்துத் தள்ளினார். குழந்தைகளைக் கூட்டிவந்து எங்கள் வண்டியில் உட்காரவைத்தார். அதன்பிறகுதான் "காசு எதுவும் வேண்டாம், நீங்க இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்கன்னு சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் முகம் தெளிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பம்பரில் கயிறு கட்டி இழுத்து அது பாதி பிய்ந்திருப்பது உட்பட. முதலில் புகைபோக்கியைத் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனியில் நின்றுபோன வண்டிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் பலர் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தவர்கள். புகைபோக்கியைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

வேலையில் பாதி தோண்டுவதுதான். அச்சுக்கு அடியில், டிஃபரென்ஷியலைச் சுற்றி, படுத்துக்கொண்டு சுரண்ட வேண்டும். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவோம். வின்ச், அதாவது கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி, அதன் கம்பியை மரத்தில் கட்டினால், பட்டையை அறுக்காத அகலப் பட்டி போட்டுத்தான் கட்டுவோம். வண்டி பள்ளத்துப் பக்கம் சரிந்து நின்றால், "இன்னைக்கு வேண்டாம், நாளைக் காலை பனி இறுகினதும் பார்ப்போம்" என்று ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவதும் உண்டு. நேரம் செலவழித்து மேலே வந்தபிறகு அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் நான் பெரிய ஆட்கள் என்று மதிக்கிறேன்.

இந்த மே மாதம் போகிறவர்களுக்கு: மாட்டினால், டயர் ஒரு சுற்று வெறுமனே சுற்றியதுமே நிறுத்துங்கள். ஆளுக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 911, தயங்கவே வேண்டாம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி போகும். வண்டிக்கு மட்டும்தான் உதவி வேண்டுமென்றால், மீட்புக் குழுவுக்கு இடத்தின் ஜிபிஎஸ் எண்களை அனுப்புங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள், சரிவு தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒரு படம். எத்தனை பேர், என்ன உடை, எவ்வளவு பெட்ரோல் என்று எழுதுங்கள். எப்படி மாட்டினீர்கள் என்பதையும் அப்படியே எழுதுங்கள்.