ஒரு பிள்ளைக்கு ஒரு கல்

போன வாரம் ஒரு விழா ஏற்பாட்டாளர் போனில் பேசினார். "மேடம், 200 பிள்ளைங்க வர்றாங்க. மியூசியத்தைச் சுத்திக் காட்டிட்டு, கடைசியில ஒரு ஓவியப் போட்டி வெச்சு முடிச்சிடுங்க. ஒரு மணி நேர வேலைதான். மேடையில பொன்னாடை போத்தி மரியாதை பண்ணிடறோம்."

என்னிடம் ஏற்கெனவே 14 பொன்னாடை இருக்கிறது. ஈரக் களிமண் காயாமல் மூடி வைக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் ஆகவில்லை. எல்லாம் பாலியஸ்டர், ஈரம் நிற்பதில்லை.

வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் கோபம் அடங்கவில்லை. அவர் மேல்கூட இல்லை, "ஒரு மணி நேர வேலைதான்" என்ற வார்த்தையின் மேல். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் செய்யும் வேலைக்குத் தமிழில் இன்னும் பேர் அமையவில்லை. கும்பகோணத்தில் சிற்பம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷமாக இதைச் செய்கிறேன். "மியூசியத்துல கைடா?" என்பார்கள். "ட்ராயிங் டீச்சரா?" என்பார்கள். ரெண்டுக்கும் நடுவில் என்று சொல்லிச் சமாளிப்பேன். எங்கள் அப்பாதான் யாராவது கேட்டால், "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் கல்லுக்கு முன்னாடி உக்கார வெக்கிறா" என்பார். கிண்டலாகத்தான் சொல்கிறார். ஆனால் இதைவிடச் சரியாக நானே சொன்னதில்லை.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு, அதாவது தொல்லியல் துறை மியூசியத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நடுகற்கள்தான் ராஜா. சண்டையில் செத்த வீரனுக்கு ஊர் நட்ட நினைவுக்கல். மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தவன், புலியைக் குத்திச் செத்தவன், ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்பவன். தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்துச் செங்கம் வட்டாரம் எல்லாமே நடுகல் பூமி. பெரிய கோபுரமும் வெண்கலச் சிலையும் நமக்குக் குறைவு என்று ஏங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பேரரசனுக்குக் கோயில் எல்லா ஊரிலும் உண்டு. மாடு மேய்த்தவனுக்குக் கல் நட்டு அவன் பேரையும் எழுதி வைத்த ஊர் எத்தனை?

ஆரம்பத்தில் நானும் இதைக் கெடுத்தேன். முதல் வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து, தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல் நடுவதன் ஆறு நிலைகளையும் வரிசையாக ஒப்பித்தேன். நீர்ப்படை வரைக்கும்தான் போக முடிந்தது. ஒரு பெண் குழந்தை மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்கிறாள். அவளுக்கு குளுக்கோஸ் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், மற்ற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து எதிரே இருந்த ஒரே கல்லைப் பார்த்தார்கள். வேறு வேலையில்லை. இருபது நிமிஷம் கழித்துத் திரும்பினால் ஆளுக்கு ஆள் சண்டை. "அவன் ஓடுறான்." "இல்ல, நிக்கிறான், காலப் பாரு." நான் சொல்லிக்கொடுக்காத அந்த இருபது நிமிஷத்தில்தான் அன்றைக்குப் பாடமே நடந்தது.

அதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்றே கேள்விகள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அவ்வளவுதான். விளக்கப் பலகையைப் படிக்கிறது, ஆண்டு சொல்வது எல்லாம் பிறகு. கேட்க எளிது. வாயை மூடிக்கொண்டு நிற்கிறது இருக்கிறதே, அது ஒரு கலைஞருக்கு ரொம்பக் கஷ்டம். எனக்கு மூன்று வருஷம் ஆனது.

பென்னாகரம் பக்கமிருந்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். கடைசி வரிசை. மாட்டு மந்தைக் கல்லுக்கு முன்னால் எல்லாரும் வீரனைப் பற்றியே பேச, இவன் மாட்டை மட்டும் பார்த்தான். "அக்கா, இவன் மாட்ட ஓட்டிட்டுப் போகல. மாட்ட ஓட்டுறவன் பின்னாலதான் வருவான். இவன் மாட்டுக்கு முதுகு காட்டிட்டு எதிர்ல பாக்கறான். மாட்டப் புடிக்க வர்றவனைத் தடுக்கறான்." வெட்சி, கரந்தை என்ற வார்த்தை எதுவும் அவனுக்குத் தெரியாது. மாட்டு மந்தையைக் கவர்வதற்கும் (வெட்சி) மீட்பதற்கும் (கரந்தை) உள்ள வித்தியாசத்தைத் தினமும் சாயங்காலம் மாடு ஓட்டுகிற அனுபவத்திலிருந்து சொன்னான். அவன் வகுப்பு ஆசிரியர் என் காதில், "இவனுக்குத் தமிழே படிக்க வராதுங்க" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் எழுந்து நிற்கச் சொல்வேன். கல்லில் இருப்பவன் மாதிரியே கால் அகட்டி, ஒரு கையில் வில், ஒரு கையில் வாள் பிடித்த மாதிரி ஐந்து நிமிஷம். தோள்பட்டை வலிக்க ஆரம்பித்ததும் அந்தச் சிற்பி எங்கே ஆழமாக வெட்டினான், எங்கே மெல்லச் சீவிவிட்டான் என்பது கண்ணுக்குத் தெரியும். கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதில் கில்லாடிகள். களிமண் அதற்கும் பிறகுதான் வரும். புடைப்புச் சிற்பம் எவ்வளவு குறைந்த உயரத்தில் ஒரு ஆளை முன்னால் தள்ளுகிறது என்பது பென்சிலில் பிடிபடாது, விரலில் பிடிபடும். அருங்காட்சியகக் கல்லைத் தொடக் கூடாது, தெரியும். அதனால்தான் ஆளுக்கு ஒரு உருண்டை மண்.

நடுகற்களில் இருக்கும் பழைய எழுத்தான வட்டெழுத்தில் தன் பேரை எழுதப் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை, ரகசிய மொழி மாதிரி. அதைக் கடைசி வரைக்கும் காட்ட மாட்டேன். காட்டினால் கல்லைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒன்றே ஒன்று மட்டும் நடுவில் சொல்வேன். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் நடுகல்லில், எருமைகளைக் காத்துச் செத்தவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அந்த நாயின் பேர், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற விஷயம், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். சொன்னதும் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஆளாளுக்குத் தன் வீட்டு நாயின் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது. நடக்க வேண்டாம்.

என்னை இன்னும் தூங்கவிடாத கேள்வி வேறு. போன வருஷம் ஒரு சிறுமி கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டாள். "இது வேடியப்பன். எங்க ஊர்ல பொங்கல் வெப்போம். இங்க ஏன் யாரும் பூ வெக்கல?" உண்மைதான். நம் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பேரில் இன்னும் கும்பிடு வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. காவலர் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாதுகாக்க வைத்திருக்கிறார்கள் என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. செருப்பைப் போடவும் இல்லை. வெறுங்காலோடே அவள் செய்த களிமண் வீரன்தான் அன்றைக்கு வந்ததிலேயே நல்லது.

இதற்கு ஔவையாரைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். தகடூரை, அதாவது நம் தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகத் தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். நெய் பூசி, மயில் பீலி சூட்டி, மாலை போட்டு, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று வைத்திருக்கிறான். ஔவை பார்த்துவிட்டு, எங்கள் ஆள் ஆயுதமெல்லாம் நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். அருங்காட்சியகத்துக்கு முதல் விமர்சனம் எழுதியவர் நம் ஊர்க்காரர்தான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

சரி, ஏற்பாட்டாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு வருஷத்தில் ஒரு பஸ் கிடைத்தால் பெரிது. அதில் 40 பேரை மட்டும் ஏற்றி, மற்றவர்களை விட்டுவிட எந்தத் தலைமையாசிரியருக்கும் மனசு வராது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்த பிறகு ஆசிரியர்களுக்கே ஆர்வம் கூடிவிட்டது. "அந்த இரும்பைக் காட்டுங்க" என்று கேட்டு வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் 200 பிள்ளைகள் வரிசையாக நடந்து, 40 நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்து, கடைசியில் தரையில் குப்புறப் படுத்து தேசியக் கொடி வரைந்து பரிசு வாங்கிப் போவதற்கு மியூசியம் எதற்கு? கல்யாண மண்டபம் போதாதா? (தேசியக் கொடி, தென்னைமரம், இரண்டு மலைக்கு நடுவில் சூரியன். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் போட்டியில் இந்த மூன்றுதான் வரும்.)

அந்த "ஒரு மணி நேரம்" எனக்கு எத்தனை நாள் தெரியுமா? முந்தின வாரம் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு நாள். எந்தக் கல் என்று முடிவு செய்ய அரை நாள். ஏரி மண்ணை ஊறவைத்துச் சலித்துப் பிசைந்து பதமாக்க மூன்று நாள். செய்த உருவங்கள் வெடிக்காமல் நிழலில் காயவைத்துத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொரு நாள். மேடைக்கு ஷாமியானா போட்டவருக்குப் பணம் கொடுக்கிறோம், மைக் செட்காரருக்கு முன்பணமே கொடுக்கிறோம். கலைஞருக்கு மட்டும் மரியாதை.

இப்போது வேறு ஒன்று செய்து பார்க்கிறேன். பிள்ளைகளுக்குப் பதிலாக ஆசிரியர்கள் பத்துப் பேரை ஒரு சனிக்கிழமை அகழ்வைப்பகத்துக்குக் கூப்பிட்டு, ஒரே கல்லுக்கு முன்னால் உட்கார வைக்கிறேன். அதே மூன்று கேள்வி. முதல் கால் மணி நேரம் செல்போனைப் பார்ப்பார்கள், பிறகு அவர்களுக்கும் சண்டை வந்துவிடும். வீட்டுப்பாடமாக நான் கொடுப்பது, அவரவர் பள்ளியைச் சுற்றி இருக்கிற வேடியப்பனைத் தேடிப் போவது. புளியமரத்தடியிலோ வரப்போரத்திலோ ஒன்று நின்றுகொண்டிருக்கும். பஸ் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். பாலக்கோடு பக்கத்து ஆசிரியர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி 11 மணிக்குப் போட்டோ அனுப்பினார். பத்து வருஷமாக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் பைக்கை நிறுத்துகிறாராம்.

அடுத்த மாதம் இரண்டாவது குழு. மணல் கலக்காத ஏரிக் களிமண் இரண்டு மூட்டை தேவைப்படுகிறது. நல்லம்பள்ளி, காரிமங்கலம் பக்கம் யாராவது ஏரியில் வண்டல் எடுக்கிறீர்கள் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வண்டிச் சத்தம் நான் கொடுத்துவிடுகிறேன்.